கேசியோ எஃப்எக்ஸ்-991ஈஎஸ் பிளஸ்: நாலு விநாடியா, ஒன்பது விநாடியா?

கால்குலேட்டருக்கெல்லாம் விமர்சனம் எழுதுவார்களா என்று வீட்டில் சிரித்தார்கள். செல்போன் உறைக்கே பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள், ஒரு செமஸ்டர் முழுக்க எழுபது பிள்ளைகளின் விரலடி படுகிற பொருளுக்கு நான் நாலு வார்த்தை எழுதினால் என்ன?

நான் சென்னைக்குத் தெற்கே ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் ஏரோநாட்டிகல் பிள்ளைகளுக்குக் கண்ட்ரோல் சிஸ்டமும் ஏவியானிக்ஸும் எடுக்கிறேன். வீடு பொழிச்சலூர். மொட்டை மாடியில் துணி காயப்போட்டால் விமானத்தின் வயிறு தெரியும். பதினெட்டு வருஷமாக என் பையில் இருந்தது பழைய எஃப்எக்ஸ்-991எம்எஸ். அதில் எட்டாம் நம்பர் பொத்தான் இரண்டு தடவை அழுத்தினால்தான் ஒரு தடவை விழும் என்ற நிலை வந்த பிறகு, போன ஜூன் மாதம் ரிச்சி ஸ்ட்ரீட்டில் இந்த ஈஎஸ் பிளஸை வாங்கினேன். ஆயிரத்து முந்நூறுக்குச் சில்லறை குறைவு. அதே தெருவில் வேறொரு கடையில் முன்பு ஒரு முறை போலியைத் தலையில் கட்டிவிட்டார்கள், மூன்று மாதத்தில் பொத்தான் மேலிருந்த எழுத்தெல்லாம் அழிந்துபோனது. அதனால் இந்தத் தடவை பில்லும் உத்தரவாத அட்டையும் கையில் வந்த பிறகுதான் பணத்தை நீட்டினேன்.

சரி, பொருளுக்கு வருவோம். இதை நான் எடை போட்டது ஒரே ஒரு கணக்கை வைத்து. விமானம் தானாகத் தரையிறங்கும்போது கடைசி ஐம்பது அடியில் மூக்கை மெல்லத் தூக்கி, இறங்கும் வேகத்தைக் குறைக்க வேண்டும். ஃபிளேர் என்பார்கள். அதற்கு வகுப்பில் சொல்லித்தரும் விதி எளிமையானது. உயரம் குறையக் குறைய, அதே விகிதத்தில் இறங்கும் வேகமும் குறைய வேண்டும். உயரத்தை ஒரு நேர மாறிலியால் வகுத்தால் அந்தக் கணத்தில் இருக்க வேண்டிய வேகம் கிடைத்துவிடும். மாறிலி 5 விநாடி என்று வைத்துக்கொள்வோம். ரன்வேயைத் தொட எத்தனை விநாடி ஆகும் என்று கேட்டால் மடக்கை, அதாவது லாக், உள்ளே வந்துவிடும்.

எண்கள் இப்படி. தரைவேகம் 140 நாட், அதாவது விநாடிக்கு 236.3 அடி. இறங்கும் பாதை 3 டிகிரி. சைன் 3-ஆல் பெருக்கினால் விநாடிக்கு 12.37 அடி கீழே வருகிறது. தொடும்போது விநாடிக்கு 2 அடி இருந்தால் போதும், பயணிக்குக் காபி சிந்தாது. ஆக, ஆரம்ப வேகத்தைத் தொடும் வேகத்தால் வகுத்தால் 6.18. அதன் இயல்மடக்கையை (ஈ என்ற 2.718-ஐ அடிமானமாகக் கொண்ட லாக், கால்குலேட்டரில் எல்என் பொத்தான்) 5-ஆல் பெருக்கினால் 9.11 விநாடி. இவ்வளவுதான் கணக்கு.

இந்த இவ்வளவுக்குத்தான் மூன்றாம் வருஷப் பையன் ஒருவன் ஸ்டாஃப் ரூம் வாசலில் மூன்று விடையோடு வந்து நின்றான்.

“மேம், கால்குலேட்டர்ல 3.96 வருது. எக்செல்லயும் 3.96. பைத்தான்ல மட்டும் 9.11. எது மேம் கரெக்ட்?”

“நீ எதை எழுதினே?”

“3.96 மேம். ரெண்டு ஓட்டு விழுந்திருக்கே.”

சிரிக்காமல் இருக்க முடியவில்லை. ஆனால் அவனைக் குறை சொல்லவும் முடியாது. மூன்றிலும் அவன் செய்தது ஒன்றேதான்: ‘லாக்’ என்று எழுதியிருந்ததைத் தட்டினான். கால்குலேட்டரில் லாக் என்றால் அடிமானம் 10. எக்செல் தாளிலும் அடிமானம் சொல்லாவிட்டால் 10. பைத்தானின் கணித நூலகத்தில் லாக் என்றால் இயல்மடக்கை, சி மொழியிலும் மேட்லாபிலும் அப்படியே. இன்னொரு வேடிக்கை, அதே எக்செல்லுக்குள் மேக்ரோ எழுதப் போனால் அங்கே லாக் என்பது இயல்மடக்கை ஆகிவிடும். ஒரே வீட்டில் ஹாலில் ஒரு பேர், அடுக்களையில் ஒரு பேர். பாடப்புத்தகங்களும் சும்மா இல்லை, கணிதம் எழுதியவர் லாக் என்றால் இயல்மடக்கை, ரேடியோ எழுதியவர் லாக் என்றால் பத்தடிமானம்.

இந்த மாதிரித் தப்புக்கு ஒரு கைரேகை உண்டு. சரியான விடையைத் தப்பான விடையால் வகுத்துப் பாருங்கள். 9.11-ஐ 3.96-ஆல் வகுத்தால் 2.30. அது பத்தின் இயல்மடக்கை, 2.3026. இரண்டு விடைகளுக்கு நடுவே 2.3 மடங்கு வித்தியாசம் என்றால் வேறு எதையும் தேட வேண்டாம், லாக்கும் எல்என்னும் மாறியிருக்கிறது. என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் அந்த எண்ணை எழுதியே வைத்திருக்கிறேன்.

ஆனால் பையனுக்கு நான் சொன்னது அது இல்லை. விமானம் மூக்கைத் தூக்காமல் அதே 3 டிகிரியில் நேராக வந்து மோதினால் எத்தனை விநாடி ஆகும் என்று கேட்டேன். ஃபிளேர் தொடங்கும் உயரம் 51.8 அடி (எப்படி வந்தது என்று பின்னால் சொல்கிறேன்), வேகம் 12.37. வகுத்தான். 4.19.

“அப்போ வேகத்தைக் குறைச்சு மெதுவா இறங்கின உன் விமானம், குறைக்காம வந்து மோதினதை விட முன்னாடியே தரைக்கு வந்துருச்சா?”

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், “அய்யோ” என்றான்.

இனி ஈஎஸ் பிளஸ் என்ன செய்கிறது என்று சொல்கிறேன். முதல் வரிசையில் வலது ஓரத்தில் அடிமானத்துக்குக் கட்டம் போட்ட லாக் பொத்தான் ஒன்று இருக்கிறது. எம்எஸ்ஸில் இது கிடையாது. கீழ்க்கட்டத்தில் ஈ என்று போட்டு, மேலே 6.18 போட்டால் திரையில் புத்தகத்தில் இருப்பது போலவே அடிமானத்தோடு தெரிகிறது. எல்என் பொத்தான் இருக்கும்போது இது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது போலத்தான். ஆனால் எந்த அடிமானம் என்று வாயைத் திறந்து சொல்லாமல் அந்தப் பொத்தானைப் பயன்படுத்தவே முடியாது, அதுதான் அதன் அழகு. முதல் இரண்டு வாரம் என் பிள்ளைகள் எல்லாரும் இந்தப் பொத்தானில்தான் மடக்கை போட வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

பின்னத்தைப் பின்னமாகவே காட்டுவதும் பெரிய நிம்மதி. இதே கணக்கை உயரத்தை வைத்தும் போடலாம்: 51.8-உடன் 10 கூட்டி (இந்தப் பத்தின் கதையும் பின்னால்), கீழே 2 பெருக்கல் 5. பழைய எம்எஸ்ஸில் பிள்ளைகள் வரிசையாக ‘÷2×5’ என்று தட்டுவார்கள். அது இரண்டால் வகுத்து ஐந்தால் பெருக்கிவிடும். விடை 25.2 விநாடி. விடைத்தாளில் அந்த 25.2-ஐப் பார்த்த மாத்திரத்தில் எங்கே கோட்டை விட்டார்கள் என்று எனக்குத் தெரியும், அத்தனை தடவை பார்த்தாயிற்று. ஈஎஸ் பிளஸில் கோட்டுக்குக் கீழே கட்டம் இருக்கிறது, இரண்டும் ஐந்தும் அதற்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

இதில் ஒரு பள்ளமும் உண்டு. எம்எஸ்ஸிலிருந்து மாறுகிறவர்கள் இந்தப் பத்தியை இரண்டு தடவை படிக்கவும். எல்என், 6.18, பெருக்கல், 5, சமம் என்று இரண்டிலும் அதே வரிசையில் தட்டுங்கள். எம்எஸ் 9.11 என்கும். ஈஎஸ் பிளஸ் 3.43 என்கும். ஈஎஸ் பிளஸில் எல்என் அழுத்தியதுமே ஓர் அடைப்புக்குறி தானாகத் திறந்துகொள்கிறது. நீங்கள் மூடாவிட்டால் பின்னால் வரும் ஐந்தும் மடக்கைக்குள் போய்விடும், அது 30.9-இன் இயல்மடக்கையைக் காட்டும். வகுத்தலில் இதற்கு நேர் தலைகீழ். எல்என், 61.8, வகுத்தல், 10 என்று தட்டினால் ஈஎஸ் பிளஸ் 1.82 என்று நமக்கு வேண்டியதைத் தரும். எம்எஸ் முதலில் 61.8-க்கு மடக்கை எடுத்து அதைப் பத்தால் வகுத்து 0.41 என்கும். யார் மேலும் குற்றமில்லை, இரண்டுக்கும் இலக்கணம் வேறு. பதினெட்டு வருஷ விரல் பழக்கம் எனக்கு மாற ஒரு மாதம் ஆனது. அந்த மாதத்தில் கரும்பலகையில் ஒரு தடவை 3.43 என்று எழுதிவிட்டு, பின் பெஞ்சிலிருந்து திருத்தம் வாங்கினேன்.

சைன் போடும்போது திரையின் மேலே சின்னதாக ‘டி’ தெரிகிறதா என்று பாருங்கள். ரேடியனில் இருந்தால் சைன் 3 என்பது 0.14 ஆகி, விமானம் விநாடிக்கு 33 அடி வேகத்தில் இறங்கும். ஷிஃப்ட், மோட், 3 அழுத்தினால் டிகிரிக்கு வந்துவிடும்.

எனக்கு மிகவும் பிடித்தது பிழைச் செய்தி. ஆம், பிழைச் செய்திதான்.

முதலில் சொன்ன விதியைத் திரும்பப் பாருங்கள். உயரம் குறையக் குறைய வேகம் குறைகிறது. உயரம் பாதியானால் வேகமும் பாதி, கால்வாசியானால் கால்வாசி. அப்படியானால் விமானம் எப்போது தரையைத் தொடும்? தொடவே தொடாது. ஓர் அங்குலம், அரை அங்குலம், அதில் பாதி என்று ரன்வே முடியும் வரை மிதந்துகொண்டே போகும். வகுப்பில் இதைச் சொன்னால் கொட்டாவி விடுவார்கள். சொல்வதை விட்டுவிட்டேன். தொடும் வேகம் என்ற 2 அடியை எடுத்துவிட்டு, வெறும் விதியை மட்டும் கொடுத்து, உயரம் பூஜ்யம் ஆகும் நேரத்தைக் கண்டுபிடியுங்கள் என்பேன். கடைசியில் பூஜ்யத்துக்கு மடக்கை எடுக்க வேண்டி வரும். வகுப்பு முழுக்க ஒரே நேரத்தில் ‘மேத் எரர்’. எம்எஸ்ஸில் வெறுமனே ‘எம்ஏ எரர்’ என்று வரும், ஏதோ அம்மாவைத் திட்டுவது போல. ஈஎஸ் பிளஸில் கூடவே இடது வலது அம்புக்குறி தெரியும். அதில் ஒன்றை அழுத்தினால் தப்பு நேர்ந்த இடத்திலேயே கர்சர் போய் நிற்கும். அந்தப் பூஜ்யத்தின் பக்கத்தில் அது கண்சிமிட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்த பிறகு ஒரு பெண் கேட்டாள்:

“மேம், மெஷின்ல தப்பில்லையா? நெஜமாவே ஃபிளைட் இறங்காதா?”

அந்த ஒரு கேள்விக்காகவே இதற்கு ஐந்து நட்சத்திரம் தருவேன்.

தீர்வு என்னவென்றால், விமானத்தை ரன்வேயை நோக்கி அல்ல, ரன்வேக்குக் கீழே இருக்கும் ஒரு கற்பனைத் தரையை நோக்கி இறக்குவது. நம் எண்களில் அது 2 பெருக்கல் 5, பத்தடி ஆழத்தில். விமானம் அந்தப் பாதாளத் தரையை மெல்ல மெல்லத் தேடிப் போய்க்கொண்டிருக்கும்போதே, நடுவில் உண்மையான ரன்வே வந்து சக்கரத்தில் பட்டுவிடும். படும்போது விநாடிக்கு 2 அடி வேகம் மிச்சம் இருக்கும். மேலே 51.8-உடன் பத்து கூட்டினோமே, அந்தப் பத்து இதுதான். இப்போது மடக்கைக்குள் பூஜ்யம் வராது, பிழையும் வராது.

இந்த வேலையெல்லாம் கால்குலேட்டர் காலத்துக்கு முந்தியது. பிரிட்டனில் கண்ணுக்குத் தெரியாத மூடுபனியிலும் இறங்குவதற்கென்றே 1945-இல் ஓர் ஆய்வுக் குழு அமைத்தார்கள். இருபது வருஷம் கழித்து, 1965 ஜூன் 10 அன்று, பாரிஸிலிருந்து பயணிகளோடு வந்த டிரைடன்ட் விமானம் ஒன்று லண்டன் ஹீத்ரோவில் தானாக ஃபிளேர் செய்து இறங்கியது. அந்தத் தலைமுறைப் பொறியாளர்கள் கையில் இருந்தது சிலைடு ரூல், நகர்த்தி நகர்த்திக் கணக்குப் போடும் அளவுகோல். அதன் முதுகே மடக்கைதான், பெருக்கல் வகுத்தல் போடும் அந்த மடக்கை வரிசையில் பூஜ்யம் என்று ஒரு கோடே கிடையாது. தேடினாலும் கிடைக்காது. பிழைச் செய்திக்கு அவசியமே இல்லை.

மோட் அழுத்தி 7 போட்டால் அட்டவணை வரும். மடக்கை விடையை மடக்கை இல்லாமலே சரிபார்க்க இதுதான் வழி. 61.83 பெருக்கல், ஈ-யின் அடுக்கு மைனஸ் எக்ஸ் கீழ் 5, கழித்தல் 10 என்று கொடுத்து, 0-இலிருந்து 10 வரை ஒவ்வொரு விநாடியாகப் போடச் சொன்னேன். நாலாம் விநாடியில் உயரம் 17.8 அடி. ஒன்பதாம் விநாடியில் 0.2. பத்தில் மைனஸ். ஆக, ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவே சக்கரம் பட்டுவிட்டது. 3.96 என்று எழுதிய பையனின் விமானம் அந்த நேரத்தில் இன்னும் பதினெட்டு அடி உயரத்தில், அதாவது இரண்டாவது மாடி ஜன்னலுக்கு நேராக, மிதந்துகொண்டிருக்கிறது. அவன் அதை நோட்டில் படமாகவே வரைந்துவிட்டான், ஜன்னலில் ஒரு பாட்டியோடு.

காக்பிட் வீடியோ பார்க்கிற பிள்ளைகளுக்கு இன்னொரு பயிற்சியும் கொடுத்தேன். ரேடியோ ஆல்டிமீட்டர் உயரத்தைப் படிக்கப் படிக்க ஒரு குரல் ஃபிஃப்டி, ஃபார்ட்டி, தர்ட்டி என்று சொல்லுமே, நம் சூத்திரப்படி எந்த விநாடியில் எது கேட்க வேண்டும்? நாற்பதடி 1.06-இல், முப்பது 2.18-இல், இருபது 3.62-இல், பத்து 5.64-இல், தரை 9.11-இல். கடைசிப் பத்தடிக்கு மட்டும் மூன்றரை விநாடி. கால்க் பொத்தானில் சூத்திரத்தை ஒரு தடவை ஏற்றிவிட்டால் உயரத்தை மட்டும் மாற்றிக்கொண்டே போகலாம், ஐந்து விடையும் ஒரு நிமிஷத்தில் முடிந்தது. நிஜத்தில் இவ்வளவு நீள ஃபிளேர் என்றால் விமானம் கிட்டத்தட்ட 650 மீட்டர் ஓடியிருக்கும். மாறிலியைக் குறைத்தால் தூரம் குறையும், ஆனால் மூக்கைச் சட்டென்று தூக்க வேண்டியிருக்கும். அந்தப் பேரத்தைப் பேச வைப்பதுதான் பாடம், விடை அல்ல.

எல்லாவற்றுக்கும் எல்என் போட்டுவிடலாமா என்றால் அதுவும் வேலைக்கு ஆகாது. ஐஎல்எஸ்ஸில், அதாவது ரேடியோ சிக்னல் காட்டி விமானத்தை இறக்கும் ஏற்பாட்டில், விமானத்தை ரன்வேயின் நடுக்கோட்டுக்கு நேராகக் கொண்டுவருவது லோக்கலைசர். அதன் சிக்னல் எட்ட வேண்டிய எல்லையில் குறைந்தபட்சம் மீட்டருக்கு 40 மைக்ரோவோல்ட் சிக்னல் இருக்க வேண்டும். அதை வோல்ட்டாக்கி வர்க்கப்படுத்தி, 377-ஆல் (வெற்றுவெளியின் மின்மறிப்பு, ஓமில்) வகுத்து, பத்தடிமான லாக் எடுத்துப் பத்தால் பெருக்கினால் மைனஸ் 113.7 டெசிபல் (சதுர மீட்டருக்கு ஒரு வாட்டோடு ஒப்பிட்டு). தரநிர்ணயத்தில் மைனஸ் 114 என்று போட்டிருப்பார்கள். அன்றைக்கு ‘அய்யோ’ சொன்ன அதே பையன், பட்ட அனுபவத்தில் இங்கேயும் எல்என் போட்டு மைனஸ் 262 என்று கொண்டுவந்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவனே 113.7-ஆல் வகுத்துப் பார்த்து, 2.3 என்று முணுமுணுத்துக்கொண்டே திரும்பிப் போனான்.

மற்ற விஷயங்கள் சுருக்கமாக. மூடி கெட்டி, கீழே விழுந்தாலும் பொத்தானுக்கு அடி இல்லை. சூரிய ஒளித் தகடோடு எல்ஆர்44 பட்டன் செல் ஒன்றும் உள்ளே இருக்கிறது. ஆஃப் செய்தால் முந்தைய கணக்கு வரிசை போய்விடும் என்பதால், சரிபார்க்க வேண்டிய கணக்கை முடிக்காமல் அணைக்க வேண்டாம். ஏ, பி, சி என்று சேமித்த எண்கள் மட்டும் இருக்கும். விடை பின்னமாக வந்து நின்றால் எஸ்-டி பொத்தான். கணினி இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்பவர்களுக்கு, தேர்வு அறைக்குள் பைத்தான் வராது என்பதே பதில். உங்கள் பல்கலைக்கழகம் இந்த மாடலை அனுமதிக்கிறதா என்று மட்டும் ஒரு தடவை கேட்டுக்கொண்டு வாங்குங்கள்.

பழைய எம்எஸ்ஸை எறிய மனம் வரவில்லை. இப்போது அது மாமியாரிடம் பால் கணக்குக்கு இருக்கிறது. எட்டாம் நம்பர் இரண்டு தடவை அழுத்த வேண்டும் என்று சொல்லித்தான் கொடுத்தேன். லாக், எல்என் பக்கம் அவர் இதுவரை போனதில்லை, பால்காரரும் கேட்டதில்லை.